ஆற்றுப்பாறையில் பாடியவர்கள்

அந்தப் பிள்ளைகளின் பாட்டை முனீஸ்வரி இன்றைக்கும் குறை சொல்ல மாட்டாள். நன்றாகத்தான் பாடினார்கள். குரங்கணிக்குப் போகிற வழியெல்லாம், மேடு பள்ளத்தில் ஜீப்பு தூக்கித் தூக்கிப் போட்டாலும் பாட்டு நிற்கவில்லை. ஆண் பிள்ளைகள் அடிக்குரலில் பிடித்துக்கொள்ள, பெண் பிள்ளைகள் அதன்மேல் ஏறி இறங்கினார்கள். முன்சீட்டில் அரிசிச் சிப்பத்துக்கும் அண்டாவுக்கும் நடுவே இடுங்கிக் கிடந்த அவளுக்கே மேலெல்லாம் சிலிர்த்துப் போனது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் புருசன் மாரீஸ்வரனும் சிரித்தபடிதான் ஓட்டினான்.

கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றின் சர்ச்சில் பாடுகிற இளவட்டங்கள் அவர்கள். விடுமுறைக்கு ஊர் ஊராகப் போய்ப் பாடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போடியில் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையிலும் பாடிவிட்டுக் கம்பத்துக்குப் போவதாக ஏற்பாடு. இடையில் கிடைத்த சனிக்கிழமையைச் சுற்றிப் பார்ப்பதற்கு வைத்திருந்தார்கள். மலைக்குப் போக இரண்டு ஜீப்பு பேசினார்கள். ஒன்று மாரீஸ்வரனுடையது, இன்னொன்று அவன் கூட்டாளி சுருளியுடையது. மதியச் சாப்பாடு ஆற்றோரத்திலேயே சமைத்துப் போடவும் ஆள் வேண்டும் என்றார்கள். "எம் பொண்டாட்டி ஆக்குவா" என்று மாரீஸ்வரன் சொல்லிவிட்டான். முனீஸ்வரி அன்றைக்கு ஏலத்தோட்டத்துச் சோலிக்கு லீவு போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு மூக்கம்மாளையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அவர்கள் ஊரான சிலமலையின் பொம்பளைகளை ஏலக்காட்டுக்கு ஏற்றிப்போய், பொழுது சாயத் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் மாரீஸ்வரனின் பிழைப்பு. விடியுமுன்னே தூக்குச்சட்டியும் தலையில் துண்டுமாக வந்து நிற்பார்கள். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் மூடுபனி இறங்கிவிட்டால் முன்னே போகிற வண்டியின் பின்விளக்குக்கூடத் தெரியாது. மற்ற டிரைவர்கள் ஆரனை அடித்துக்கொண்டே ஏறிவிடுவார்கள். மாரீஸ்வரன் ஓரங்கட்டி நிறுத்திவிடுவான். "கங்காணி ஏசுவான், வெரசாப் போப்பா" என்று பின்னாலிருந்து கத்தினால், "ஏசட்டும் ஆத்தா, உசுரோட போயி ஏச்சு வாங்குவோம்" என்பான். ஒரு காலத்தில் அவனும் குடித்தவன்தான். வேறொருவன் குடித்துவிட்டு ஓட்டிய ஜீப்பு பள்ளத்தில் உருண்டபோது, கீழே இறங்கிப் பொம்பளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் அவனும் ஒருவன். தூக்கிவந்த ஒருத்தியின் மடியிலிருந்த வெற்றிலை பாக்கு வழியெல்லாம் சிந்தியது என்று வீட்டில் சொல்லிவிட்டு, அன்றோடு குடியை விட்டான். அவன் வண்டியில் ஏற ஏலக்காட்டுப் பொம்பளைகள் போட்டி போட்டதற்கு அதுதான் காரணம்.

குரங்கணி தாண்டி, ஒரு காப்பித் தோட்டத்து ஓரமாக, ஆறு வளைகிற இடத்தில் வண்டிகளை நிறுத்தினார்கள். ஐப்பசி மாதம். கீழே வெயில் அடித்தது. மேலே மலை முகடு எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் கருத்துக் கிடந்தது. தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் ஓடியது. கண்ணாடி மாதிரி அடியில் கூழாங்கல் தெரிந்தது.

மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தார்கள். மூக்கம்மாள் கோழியைக் கழுவ, முனீஸ்வரி சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்து எதிரே சம்மணம் போட்டாள். கல்லூரி படிக்கிற வயசு. வண்டியில் எல்லோருக்கும் மேலே கேட்டதே ஒரு குரல், அது அவளுடையதுதான்.

"நானும் உரிக்கேன்க்கா. எம்பேரு எப்சிபா. எப்சின்னு கூப்பிடுவாங்க."

"ஒனக்கெதுக்கு ஆத்தா, கண்ணு எரியும். போயி வெளையாடு."

"எங்க வீட்டுல நான்தான் உரிப்பேன்." அவள் முனீஸ்வரியின் விரல்களையே பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் கருத்திருந்தது. "இது என்னக்கா, மருதாணியா?"

மூக்கம்மாள் சிரித்தாள். "மருதாணி! ஏலக்காய்க் கறைடி. இன்னும் ரெண்டு மாசத்துக்குப் போகாது. சோத்தப் பெசஞ்சா சோத்துல வாசம், புருசனத் தொட்டா புருசன்மேல வாசம்."

"நிமிந்து நின்னுதான் பறிப்பீங்களா?"

"நிமிந்து பறிக்க அதென்ன மாங்காயா? தூருல, மண்ணோட மண்ணாக் காய்க்கும். காலையில குனிஞ்சா மத்தியானம் சோத்துக்குத்தான் நிமிரணும். அட்டை வேற காலச் சுத்தும்" என்றாள் முனீஸ்வரி.

"நான் நாள் பூரா நின்னு பாடுனாலே முதுகு வலிக்கும்பேன்" என்று எப்சி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நல்ல பிள்ளை என்று முனீஸ்வரிக்குப் பட்டது. அதை நினைத்து அப்புறம் எத்தனையோ தடவை பல்லைக் கடித்திருக்கிறாள்.

சோறும் கோழிக்குழம்பும் ரசமும் அவரைக்காய்ப் பொரியலுமாகப் பந்தி முடிந்தது. பிள்ளைகள் இலை வழித்துச் சாப்பிட்டார்கள். அவர்களைப் பாட வைக்கும் கொயர் மாஸ்டர் கிப்சன் மூன்றாவது தடவையும் குழம்பு கேட்டு வாங்கினார். நாற்பது வயசிருக்கும். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கூலிங்கிளாஸ். கை கழுவியதும் எழுந்து நின்று கைதட்டினார்.

"எல்லாரும் வாங்க. அந்தப் பெரிய பாறை மேல நின்னு ஒரு பாட்டு. பின்னால அருவி தெரியணும். ரூபன், போனைக் கொண்டா, நீ முன்னால நின்னு எடு."

ஆற்றுக்கு நடுவில் ஒரு மேசைப்பாறை கிடந்தது. அதற்குக் கொஞ்சம் மேலே அருவி சன்னமாக விழுந்துகொண்டிருந்தது. மாரீஸ்வரன் சாப்பிட்ட கையைக் கழுவாமலேயே எழுந்து ஓடிவந்தான்.

"சார், அங்கிட்டு வேணாம். இங்கனக் கரையில நின்னு எடுத்துக்கோங்க."

"ஏன்? தண்ணியே இல்லையே."

"இங்க இல்லை சார். மேல பாருங்க, கருத்துக் கெடக்கு. மேல பேஞ்சா இங்க சொல்லாமக் கொள்ளாம வரும். பாரஸ்ட்காரங்களும் ஆத்துக்குள்ள எறங்கக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்காங்க."

"அஞ்சு நிமிஷம் தம்பி. ஒரே பாட்டு."

"ஒரு நிமிசம்னாலும் வேணாம் சார். ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

குரங்கணிக் காட்டில் தீப்பிடித்து வெளியூர்ப் பிள்ளைகள் கருகிப்போன வருஷத்திலிருந்து, இந்தப் பக்கத்து டிரைவர்களுக்கு அந்த வயசுப் பிள்ளைகளைக் கண்டாலே ஒரு பயம் உண்டு. அதையும் சொல்லிப் பார்த்தான். கிப்சனின் முகம் மாறியது.

"இங்க பாரு, வண்டி ஓட்டத்தான் உன்னைக் கூப்பிட்டது. பிள்ளைங்களைப் பாத்துக்க எனக்குத் தெரியும்."

மாரீஸ்வரன் திரும்பி முனீஸ்வரியைப் பார்த்தான். அவள் உதட்டைப் பிதுக்கினாள். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சளசளவென்று தண்ணீரில் இறங்கிப் பாறைமேல் வரிசை கட்டினார்கள். ரூபன் என்ற நெட்டைப் பையன் முன்னால் ஒரு சின்னப் பாறையில் போனை நீட்டிக்கொண்டு நின்றான். கிப்சன் கையை உயர்த்தினார். பாட்டு எழுந்தது. மாரீஸ்வரன் ஜீப்பிலிருந்து தார்ப்பாய்க் கயிற்றை உருவித் தோளில் போட்டுக்கொண்டு கரையிலேயே நின்றான். அவன் கண் பிள்ளைகள் மேல் இல்லை, தண்ணீர் மேல் இருந்தது.

முதல் பாட்டு முடிந்தது. நிழல் விழுந்துவிட்டது, இன்னொரு தடவை என்றார் கிப்சன். அந்த இன்னொரு தடவையின் நடுவில்தான் மாரீஸ்வரன் கத்தினான்.

"நெறம் மாறுது! ஏறுங்க! கரைக்கு ஓடுங்க!"

கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் டீ நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து இலைச்சருகும் நுரையுமாக வந்தது. பாட்டுச் சத்தத்தில் முதலில் யாருக்கும் கேட்கவில்லை. சுருளி ஜீப்பு ஆரனை விடாமல் அழுத்தினான். பிறகுதான் அலறிக்கொண்டு இறங்கி ஓடிவந்தார்கள். மாரீஸ்வரன் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொருவராகப் பிடித்துக் கரைக்குத் தள்ளினான். எப்சியின் தலைமுடியைப் பிடித்துத்தான் இழுத்துப் போட்டான். கிப்சன் எப்போது கரையேறினார் என்று யாரும் பார்க்கவில்லை. முன்னமே ஏறியிருந்தார்.

ரூபன் மட்டும் மாட்டிக்கொண்டான். கால் இரண்டு பாறைக்கு நடுவே சொருகி, தண்ணீர் அவன் நெஞ்சுக்கு வந்துவிட்டது. போன் போன இடம் தெரியவில்லை. மாரீஸ்வரன் கயிற்றை ஒரு நாவல் மரத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினான். "ஏய்யா, வேணாய்யா!" என்று முனீஸ்வரி கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. அவ்வளவு இரைச்சல். பையனின் காலை உருவித் தோளில் சாய்த்துக்கொண்டு, இடது கையால் பாறையைப் பற்றித் திரும்பும்போது, மேலிருந்து ஒரு மரத்துண்டு வந்து அந்தக் கையைப் பாறையோடு வைத்து அடித்தது. அவன் பையனை விடவில்லை. சுருளியும் இரண்டு பையன்களும் கயிற்றை இழுக்க, இருவரும் ஒன்றாகக் கரையில் வந்து விழுந்தார்கள்.

ரூபனுக்குக் கால் ஒடிந்திருந்தது. மயங்கிக் கிடந்தான். மாரீஸ்வரனின் இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் சிதைந்து தொங்கின. டிரைவருக்கு அது கியர் போடுகிற கை. உதடு நீலமாகி, பல்லெல்லாம் கிட்டித்துக்கொண்டு உதறினான். மூக்கம்மாள் தன் பையிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்தாள். மழையில் நனைந்து காய் பறித்த நாள்களின் ராத்திரியில் உடம்பு வலிக்கு அவள் வைத்திருப்பது. "ஊத்துடி வாயில. செத்துகித்துப் போயிரப் போறான்" என்றாள். முனீஸ்வரி அவன் தலையை மடியில் வைத்து, அவன் வேண்டாமென்று தலையை ஆட்ட ஆட்ட, தன் கையாலேயே ஊற்றினாள். சுற்றி நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் பார்த்தார்கள். கிப்சனும் பார்த்தார்.

சுருளி முதலில் தன் ஜீப்பில் ரூபனை ஏற்றிக்கொண்டு பறந்தான். வழியிலேயே அந்தப் பையனை ஆம்புலன்சுக்கு மாற்றித் தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். சுருளி திரும்பி வந்து மாரீஸ்வரனையும் மற்றவர்களையும் போடிக்குக் கொண்டுவந்தான். ஆஸ்பத்திரியில் கையைச் சுத்தம் பண்ணிக் கட்டுப் போட்ட டாக்டர், "நரம்பு போயிருக்கு. இங்க ஆகாது. உடனே தேனிக்குப் போங்க, ஆபரேஷன் பண்ணணும். லேட் பண்ணினா விரல் நிக்காது" என்று எழுதிக் கொடுத்தார்.

டீசல் போட்டு வண்டி கொண்டுவரச் சுருளி போயிருந்தான். முனீஸ்வரி வராந்தாவில் நின்றாள். தூணுக்கு அந்தப் பக்கம் கிப்சன் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் வேண்டாம்னுதான் அண்ணாச்சி சொன்னேன். அந்த டிரைவர்தான் நல்ல எடம்னு எறக்கி விட்டான்... ஆமா... வாசம் அடிச்சது, எல்லாரும் பாத்தாங்க... ரூபனுக்கு ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி, கர்த்தர் பாத்துப்பார்... ஆமா, கம்ப்ளெயின்ட் குடுத்துடுதேன்."

அண்ணாச்சி என்றது ரூபனின் அப்பாவை. அவர் அந்தச் சர்ச்சில் பெரிய கை என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் முனீஸ்வரிக்கு இது எதுவும் உறைக்கவில்லை. வேறு யாரையோ சொல்கிறார் என்றுதான் நினைத்தாள். சுருளியின் வண்டி வருமுன் போலீஸ் வண்டி வந்தது. மாரீஸ்வரனை வாயை ஊதச் சொன்னார்கள். ஊதினான். "ஏறு" என்றார்கள்.

"சார், கையி சார்! தேனிக்குப் போகணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு சார்!"

"குடிச்சிட்டு ஊரான் பிள்ளைங்களை ஆத்துல எறக்கும்போது எங்கம்மா போச்சு புத்தி? காலையில அய்யா வருவாரு. பேசிக்கலாம்."

"நான் ஊத்துனேன் சார்! நான்தான்!"

"நீ ஊத்துனியோ அவனா குடிச்சானோ, வாசம் வாசம்தான்."

படியில் உட்கார்ந்திருந்த கொயர்ப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். முனீஸ்வரி அவர்களைப் பார்த்தாள். "சொல்லுங்க ஆத்தா! யாராச்சும் சொல்லுங்க!" என்றாள். எப்சி எழுந்தாள். கிப்சன் அவளைப் பார்த்த ஒரு பார்வையில் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

இரவெல்லாம் ஸ்டேஷன் வாசலிலேயே கிடந்தும் ஒன்றும் நடக்கவில்லை. விடியுமுன்னே, வழக்கமாகப் பொம்பளைகள் ஜீப்புக்கு வந்து நிற்கும் நேரத்தில் மூக்கம்மாள் வந்தாள். "இங்க குந்தியிருந்து என்னடி செய்ய? புகார் குடுத்தவன் வாயிலதான் ஓம் புருசன் இருக்கான். அவன் பாடுற எடத்துக்குப் போ" என்றாள்.

முனீஸ்வரி நேராகச் சர்ச்சுக்குப் போனாள். முதல்நாள் உடுத்திய சேலை, கோழிக்குழம்புக் கறையும் ஆற்றுச் சேறும் மாரீஸ்வரனின் ரத்தமும் அப்பியிருந்தது. உள்ளே போகவில்லை. வாசலில், செருப்புகள் கழற்றிவிட்ட இடத்துக்குப் பக்கத்தில் நின்றாள். உள்ளே அவர்கள் பாடினார்கள். அதே குரல்கள்தான். ரூபனின் அடிக்குரல் ஒன்றுதான் குறைவு. கடவுள் பேரைச் சொல்லி எப்படி இவர்களுக்குத் தொண்டை திறக்கிறது என்று அவளுக்கு விளங்கவே இல்லை. நேற்றுச் சிலிர்த்த உடம்பு இன்றைக்கு எரிந்தது.

ஆராதனை முடிந்து பிள்ளைகள் பைகளோடு பஸ்சில் ஏறத் தொடங்கினார்கள். கிப்சன் உள்ளூர்ப் போதகரோடு கை குலுக்கிக்கொண்டு வந்தார். முனீஸ்வரி குறுக்கே போய் நின்றாள்.

"நீங்க... அந்த டிரைவரோட..."

"பொண்டாட்டி. நேத்து ஒங்களுக்கு மூணு தரம் கொழம்பு ஊத்துனவ."

"அம்மா, நடந்தது எங்களுக்கும் ரொம்ப வருத்தம். உங்க வீட்டுக்காரருக்காக நாங்க ஜெபம் பண்ணிட்டுத்தான் இருக்கோம்."

"ஜெபம் பண்ண வாயி இருக்குல்ல? அந்த வாயால ஸ்டேஷனுக்கு வந்து ரெண்டு வார்த்தை நெசத்தச் சொல்லுங்க. அது போதும்."

"எங்களுக்குக் கம்பத்துல ப்ரோக்ராம் இருக்கும்மா. சட்டப்படி என்னவோ அது நடக்கும்."

"சட்டமா? ஆத்துக்குள்ள எறங்காதன்னு போர்டு வச்சிருந்தாங்களே, அது என்ன சட்டம்? வேணாம் வேணாம்னு எம் புருசன் சோத்துக் கையோட ஓடிவந்து கெஞ்சுனாரே, ஒங்க காதுல விழல?"

"சத்தம் போடாதீங்க. அவர் மேல வாசம் அடிச்சது பொய்யா?"

"அடிச்சுச்சு! ஊத்துனது நானு! எப்ப ஊத்துனேன்? ஒங்க பிள்ளையத் தோள்ல போட்டுக் கொண்டாந்து கரையில போட்டதுக்கு அப்புறம். நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்க. கண்ணு ரெண்டும் இருக்குல்ல? குடிச்சவன் பேச்சக் கேட்டு எறங்குனோம்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே, குடிச்சவன் வண்டியில ஒருத்தி ஏறுவாளா இந்த ஊர்ல? நாளைக்கு எவ ஏறுவா?"

கிப்சன் சுற்றிலும் பார்த்தார். ஆட்கள் கூடிவிட்டார்கள். போதகர் மெதுவாக, "கிப்சன், பிள்ளைங்களை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்" என்றார். "அதெல்லாம் நான் பேசிட்டேன் ஐயா" என்று சொல்லிவிட்டுக் கிப்சன் பஸ்சில் ஏறினார். "வண்டிய எடுங்க டிரைவர்."

பஸ்சு நகரவில்லை. மூக்கம்மாள் வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மாரீஸ்வரனின் ஜீப்பில் தினமும் மலையேறுகிற பொம்பளைகள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குத் துணி துவைக்கிற நாள், சந்தைக்குப் போகிற நாள். பாதிப் பேர் ஈரச் சேலையோடேயே வந்திருந்தார்கள். ஏலச்செடித் தூருக்கு முன்னால் உட்காருகிற மாதிரி, பஸ்சுக்கு முன்னால் வரிசையாகக் குத்தவைத்து உட்கார்ந்தார்கள்.

"டிரைவர், ஆரன் அடிங்க!" என்றார் கிப்சன்.

பஸ்சு டிரைவர் என்ஜினை அணைத்தார். கீழே இறங்கி ஒரு பீடியைப் பற்றவைத்தார். "நானும் டிரைவர்தான் சார். ஒரு டிரைவர் பொண்டாட்டி மறிச்சு நிக்கையில என்னால எடுக்க முடியாது. நீங்க பேசி முடிங்க."

முனீஸ்வரி பஸ்சின் ஜன்னல்களைப் பார்த்து நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக முகங்கள். ஒன்றுகூட அவளைப் பார்க்கவில்லை. சிலர் போனில் எதையோ தடவினார்கள். அவள் கத்தவில்லை. கரகரத்த குரலில்தான் பேசினாள்.

"ஒங்கள ஒவ்வொருத்தரையா அவரு கையாலதான் தூக்கி விட்டாரு. இப்ப அந்தக் கை அழுகுது. ஒரே ராத்திரி. தேனிக்குப் போயிருந்தா பொழைச்சிருக்கும். ஒங்க அப்பன் ஆத்தாகிட்ட என்னன்னு சொல்லுவீங்க? நல்லாச் சுத்திப் பாத்துட்டு வந்தோம்னா?"

உள்ளே ஏதோ சலசலப்பு. கிப்சனின் குரல் கேட்டது. "உக்காரு எப்சி. இப்ப எறங்கினா இனிமே கொயர்ல உனக்கு எடம் கிடையாது. உங்க அப்பாகிட்ட நான் பேச வேண்டி வரும்."

"பேசுங்க சார்."

அவள் இறங்கினாள். முகமெல்லாம் வீங்கிக் கிடந்தது. பையைக்கூட எடுக்கவில்லை. முனீஸ்வரியின் முன்னால் வந்து நின்று, "நான் சொல்லுதேன்க்கா. வாங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் யாராவது இறங்குவார்கள் என்று முனீஸ்வரி படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் இறங்கவில்லை.

மூக்கம்மாள் எழுந்து சேலையைத் தட்டினாள். "ஒண்ணாச்சும் எறங்குச்சே. விடுங்கடி வண்டிய, போகட்டும். பாடட்டும்." பொம்பளைகள் ஒதுங்கினார்கள். பஸ்சு கம்பத்துக்குக் கிளம்பியது. சாயங்காலம் அங்கே சொன்ன நேரத்துக்குப் பாட்டு நடந்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டார்கள்.

ஸ்டேஷனில் எப்சி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். போர்டு இருந்தது, டிரைவர் தடுத்தார், மாஸ்டர் கேட்கவில்லை, இரண்டாம் தடவையும் பாடச் சொன்னார், குடித்தது கரையேறிய பிறகு, அதுவும் மனைவி ஊற்றியது. சப்-இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டு வெளியே ஒரு பார்வை பார்த்தார். வாசலில் ஏலக்காட்டுப் பொம்பளைகள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"சரிம்மா. கேஸ் இன்னும் போடலை. வெறும் புகார்தான். கூட்டிட்டுப் போங்க."

முனீஸ்வரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மேசையை ஓங்கித் தட்டினாள். "கேசே போடலையா? போடாமயா சார் நசுங்குன கையோட ஒரு மனுசன ராத்திரி பூரா உக்கார வச்சீங்க?"

"ஏம்மா, விட்டாச்சுல்ல? மறுபடி உள்ள வைக்கணுமா?"

சுருளி அவளைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தான். மாரீஸ்வரன் சுவரைப் பிடித்தபடி நடந்து வந்தான். கட்டு கருத்துப் போயிருந்தது, காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. எப்சியைப் பார்த்ததும் நின்றான்.

"பாப்பா, அந்தத் தம்பிக்கு எப்படி இருக்கு? கண்ணு முழிச்சிட்டானா?"

எப்சி ஆமென்று தலையை ஆட்டினாள்.

"ஏய்யா!" முனீஸ்வரி கத்திய கத்தில் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஓங் கையப் பாருய்யா மொதல்ல! தம்பியாம் தம்பி! அவன் தனியார் ஆஸ்பத்திரியில ஏசிக்குள்ள படுத்திருக்கான்! நீ கேளு, இன்னும் கேளு, அந்த மாஸ்டர் சாப்ட்டாரான்னும் கேளு!"

"அவன் சின்னப் பய, முனீசு. அவன் என்ன செஞ்சான்" என்றான் மாரீஸ்வரன். அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சுருளியின் ஜீப்பில் தேனிக்குப் போனார்கள். எப்சியும் ஏறிக்கொண்டாள். அங்கிருந்து ஊருக்குப் பஸ்சு பிடித்துக்கொள்கிறேன் என்றாள். வழி நெடுக அவள் என்னவோ சொல்ல வாயெடுப்பதும் முனீஸ்வரியின் முகத்தைப் பார்த்து அடக்குவதுமாக இருந்தாள். முனீஸ்வரி அவள் பக்கம் திரும்பவே இல்லை. இறங்கி வந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று மனசுக்குத் தெரிந்தது. நேற்றே எழுந்தவள் ஏன் உட்கார்ந்தாள் என்கிற கேள்வி, நன்றியை மேலே வர விடாமல் மிதித்துக்கொண்டிருந்தது.

பெரியாஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த டாக்டர் ஒரு பெண். சின்ன வயசு. பிரித்ததும் நாற்றம் அறையில் பரவியது. விரல்களை ஊசியால் தொட்டுத் தொட்டு, "தெரியுதா? இங்க? இங்க?" என்றார். மாரீஸ்வரன் தலையை ஆட்டி இல்லை என்றான். டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார்.

"ரெண்டு விரலையும் எடுத்துத்தான் ஆகணும். இல்லைன்னா கைக்கே ஆபத்து." பிறகு போடியில் எழுதிக் கொடுத்த சீட்டைப் புரட்டிப் பார்த்தார். குரல் உயர்ந்தது. "நேத்தே அனுப்பியிருக்காங்களே! உடனே போகணும்னு போட்டிருக்கே! ஒரு ராத்திரி பூரா என்னம்மா பண்ணினீங்க? படிக்காதவங்கன்னா இப்படியா?"

மாரீஸ்வரன் மனைவியைப் பார்த்தான். சுருளி வாயைத் திறந்தான். முனீஸ்வரி கையை நீட்டி அவனைத் தடுத்தாள். கதவோரம் சுவரோடு சுவராக ஒட்டி நின்ற எப்சியை முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். எப்சி பஸ்சை விட்டு இறங்கியதிலிருந்து முனீஸ்வரி அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"சொல்லு."

எப்சி டாக்டரைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் கிடந்த அந்தக் கையைப் பார்த்தாள்.

"இவங்க நேத்தே வரத்தான் இருந்தாங்க டாக்டர்" என்றாள். "நாங்கதான் வாயத் தெறக்கலை."